தாபேக் ஸ்பிரிங்: ஒரு சல்யூட்டின் பூர்வீகம்

பந்திங் நகரில் காலை பத்து மணிக்கு ஒட்டுக்கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. விடியும் முன்பே செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள் போனவர்கள் அந்த நேரத்தில்தான் பசியாற வெளியே வருவார்கள். சென்ற மாதம் அப்படியொரு கடையில், மதுரையிலிருந்து முதன்முறையாக மலேசியாவுக்கு வந்திருந்த என் மைத்துனருடன் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில், குலை வெட்டும் இளைஞர் ஒருவரின் கைவரிசையை அவருடைய கூட்டாளி ஊருக்கே கேட்கும்படி விவரித்துக்கொண்டிருந்தார். பழைய ஸ்டோரின் தகரக் கூரையை ஒட்டி நாற்பதடி உயரத்துக்கு வளர்ந்துவிட்ட மரம் அது. நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் முதலில் மட்டையை நறுக்கி, பிறகு காம்பை ஒரே இழுப்பில் அறுத்து, கூரைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே இருந்த ஒரு பாய் அகல இடத்தில் குலை விழும்படி செய்துவிட்டாராம்.

ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்த கடைக்காரர் வேலையை நிறுத்தினார். குதிகால்களைச் சேர்த்து நின்று, மாவு படிந்த வலக்கையை விறைப்பாக நெற்றிக்குக் கொண்டுபோய், "தாபேக் ஸ்பிரிங் லா, தம்பி!" என்றார். கையை இறக்கியபோது புருவத்துக்கு மேலே மாவு ஒட்டியிருந்தது.

மைத்துனர் என் பக்கம் சாய்ந்து, "என்ன மச்சான், பாராட்டுறாரா, கேலி பண்றாரா?" என்று கேட்டார். ரொட்டி ஆறிவிடும் என்பதால் அன்று இரண்டு வரியில் சொல்லி முடித்த பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தாபேக் என்பது மலாய்ச் சொல். இன்றைய எழுத்துக்கூட்டலை அப்படியே படித்தால் 'தாபிக்' என்று வரும். மலேசியாவும் இந்தோனேசியாவும் 1972-இல் எழுத்துக்கூட்டலைச் சீர்திருத்துவதற்கு முன் அது 'தாபெக்' என்றே எழுதப்பட்டது. 'கம்போங்' என்ற எழுத்து 'கம்புங்' ஆனதும் அந்தச் சீர்திருத்தத்தில்தான். எழுத்து மாறினாலும் வாய் பழைய உச்சரிப்பை விடவில்லை. அதோடு, மலாயில் சொல்லின் கடைசியில் வரும் ககரம் முழுதாக ஒலிப்பதில்லை. தொண்டையில் மூச்சு சட்டென்று அடைபடுவதோடு சரி. அதனால்தான் தோட்டத்து மூத்தவர்களின் காதில் அது 'தாபே' என்று விழுந்தது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் மலாய் படித்தவர்கள் என்பதால் ககரத்தைச் சேர்த்துச் சொல்கிறோம்.

அகராதிப்படி அதற்கு வணக்கம், முகமன் என்று பொருள். 'ஹோர்மாட்' என்னும் சொல்லோடு சேர்ந்து 'தாபிக் ஹோர்மாட்' என்று வரும்போது, சீருடை அணிந்தவர்கள் நெற்றிக்குக் கை உயர்த்திச் செய்யும் சல்யூட்டைக் குறிக்கும். கடைத்தெருப் பேச்சில் இது மேலும் ஒரு படி நகர்ந்துவிட்டது. 'நீ செய்த காரியத்தின் முன் நான் எழுந்து நிற்கிறேன்' என்பதுதான் அங்கே அதன் பொருள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் சொல்வார்கள். தமிழில் பேசும்போது அதைப் பெயர்ச்சொல்லாக வைத்து, 'தாபேக் போடு', 'அவனுக்கு ஒரு தாபேக் அடிக்கணும்' என்று வினையைச் சேர்த்துக்கொள்கிறோம். வாக்கியம் முடியும் இடத்தில் 'லா' ஒட்டிக்கொள்வது இந்நாட்டு மண்வாசனை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தமிழில் மரியாதை என்பது வயதுக்கு உண்டு, பதவிக்கு உண்டு, உறவு முறைக்கு உண்டு. மாமனார் ஒன்றுமே செய்யாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு மரியாதை உண்டு. தாபேக் அப்படி வராது. ஒருவர் ஏதாவது ஒன்றைச் செய்து காட்டியிருக்க வேண்டும், அதுவும் மற்றவர்கள் செய்யத் தயங்கும் ஒன்றை. அதனால் ஐம்பது வயதுக்காரர் பதினைந்து வயதுப் பையனுக்குத் தாராளமாகத் தாபேக் போடலாம். அன்று கடையில் நடந்ததும் அதுதான்: கடைக்காரர் அந்த இளைஞரைவிட இருபது வயதாவது மூத்தவர்.

இந்தச் சொல் தொடங்கிய இடம் சல்யூட்டுக்கு வெகுதூரத்தில் இருக்கிறது. மலாய் அகராதியாளர்கள் இதன் மூலமாகக் காட்டுவது 'க்ஷந்தவ்ய' என்னும் சமஸ்கிருதச் சொல்லை. க்ஷம் என்ற வினைக்குப் பொறுத்தல், தாங்குதல், மன்னித்தல் ஆகிய பொருள்கள் உண்டு. தமிழில் 'பொறு' என்ற ஒரே சொல் சுமையைத் தாங்குவதற்கும் குற்றத்தை மன்னிப்பதற்கும் நிற்பதைப் போன்றதுதான் இது. கோயிலில் பூசை முடிவில் குருக்கள் குற்றம் குறை பொறுக்கும்படி 'க்ஷமஸ்வ' என்று வேண்டுவதைக் கேட்டிருப்பவர்களுக்கு அந்த வேர் புதிதாக இருக்காது. க்ஷந்தவ்ய என்றால் 'பொறுத்தருளத் தக்கது'. எளிமையாகச் சொன்னால், 'மன்னிக்கணும்'.

இந்தச் சொல் எப்படி மலாய் உலகத்துக்கு வந்தது? கி.பி. 683-ஆம் ஆண்டைச் சேர்ந்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, சுமத்ராவின் பாலெம்பாங் அருகே கிடைத்தது. மலாய் மொழியின் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அது பழைய மலாயில், பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குள்ளேயே சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. சுமத்ராவிலும் ஜாவாவிலும் அரசவை, சமயம், சடங்கு ஆகியவை சார்ந்த சொற்கள் அந்த வழியாகக் கூட்டங்கூட்டமாக உள்ளே வந்தன. க்ஷந்தவ்ய என்பது ஜாவானியத்தில் 'சந்தப்ய' போன்ற வடிவத்தை எடுத்து, பெரியோர் முன் பேசத் தொடங்குமுன் பிழை பொறுக்கக் கேட்கும் பணிவுச் சொல்லாக நின்றது. பிறகு முதல் அசை உதிர்ந்து 'தபி', 'தபே' என்று சுருங்கியது.

ஒலி மாறிய விதம் புதிராகத் தோன்றலாம். ஆனால் மலாய் படித்த தமிழர் தினமும் பயன்படுத்தும் சொற்களிலேயே அதற்கு விடை இருக்கிறது. வம்சம் 'பங்சா' ஆயிற்று. விசாரம் 'பிச்சாரா' ஆயிற்று. செய்தி என்னும் பொருளுடைய வார்த்தா 'பெரித்தா' ஆயிற்று. மூன்றிலும் வகரம் பகரமாகிவிட்டது. க்ஷந்தவ்யவின் வகரத்துக்கும் அதே கதிதான். 'க்ஷ' என்னும் கூட்டொலி வெறும் சகரமாவதை, க்ஷத்ரியர் 'சத்ரியா' ஆனதில் காணலாம். கடைசியில் ஒட்டிக்கொண்ட ககரம் மலாயின் சொந்தச் சரக்கு: தந்தையைக் குறிக்கும் 'பாப்பா' என்பது 'பாப்பாக்' என்றும் வழங்குவதைப் போல.

எங்கள் ஊரில் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அதைத் தமிழிலிருந்தே பிறப்பித்துக் காட்டும் பெரியவர்கள் உண்டு. கடை 'கெடாய்' ஆனதும், கப்பல் 'காப்பால்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும், மாப்பிள்ளை 'மெம்பெலாய்' ஆனதும் உண்மையே. நமக்குரிய பங்கே அவ்வளவு இருக்கும்போது தாபேக்கையும் இழுத்துப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை என்பது என் கருத்து.

மன்னிப்புக் கேட்கும் அந்தப் பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மலாய்க்காரர்கள் காட்டுக்குள் நுழையும்போதும், பெரிய மரத்தடியையோ புற்றையோ கடந்து போகும்போதும், 'தாபிக் டத்துக், அனாக் சுச்சு தும்பாங் லாலு' என்பார்கள். 'பெரியவரே, பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளையும் பேரனும் இந்த வழியாகப் போய்க்கொள்கிறோம்' என்பது அதன் பொருள். இங்கே தாபிக் என்பதை 'வணக்கம்' என்று மட்டும் பெயர்த்தால் பாதிதான் வரும். வேறொருவர் இடத்தில் கால் வைக்கிறோம், அனுமதி வேண்டும் என்ற அச்சமும் அதில் இருக்கிறது. என் பாட்டி கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டப் போன காலத்தில், நிரையின் கோடியில் இருந்த புற்றைத் தாண்டும்போது பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "தாபே டத்தோ, முனியாண்டி, காப்பாத்துப்பா" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வாராம். அந்த இடம் யாருடையது என்று அவருக்கு நிச்சயமில்லை. ஆகவே இருவரிடமும் கேட்டு வைத்துக்கொண்டார்.

இந்தோனேசியாவின் சூலாவெசித் தீவில், பூகிஸ், மக்காசார் மக்களிடையே மூத்தவர்களின் குறுக்கே நடக்க நேர்ந்தால், உடலைக் குனித்து, வலக்கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, 'தபே' என்று சொல்லிக்கொண்டே கடக்கும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே கை கீழே போகிறது; இங்கே பந்திங்கில் கை மேலே போகிறது. சொல் ஒன்றுதான். அந்தத் தீவுகளை ஆண்ட டச்சுக்காரர்களோ அதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, விடைபெறும் சொல்லாகத் தங்கள் மொழிக்கே எடுத்துச் சென்றுவிட்டார்கள். டச்சு மொழியில் 'தபே' என்றால் 'போய் வருகிறேன்'.

மலாயாவில் வெள்ளையர் ஆட்சி வந்தபோது இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. முஸ்லிம்கள் தங்களுக்குள் சலாம் கூறிக்கொள்வார்கள். முஸ்லிம் அல்லாத ஐரோப்பியருக்கு அதைச் சொல்வது வழக்கமில்லை. அந்த வெற்றிடத்தில் 'தாபேக், துவான்' வந்து அமர்ந்தது. துவான் என்றால் எசமான். மன்னிப்புக் கேட்கும் சொல், கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கூறும் முகமனாக இப்படித்தான் படிந்தது. தோட்டங்களில் தமிழர்கள் 'சலாம் தொரை' என்றார்கள். மலாய் பேச வேண்டிய இடத்தில் 'தாபே துவான்' என்றார்கள். எந்த மொழியில் சொன்னாலும் தலைப்பாகை அவிழ்ந்தது, தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியும் முன்பே பட்டு அறிந்தேன். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும். தாத்தா தன் பழைய சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்துப்போட்டு, வளைந்துபோன சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, கடையில் 'இது தேறாது' என்று கைவிடப்பட்டதை ஒரே பிற்பகலில் நேராக்கிவிட்டார். சக்கரம் ஆடாமல் சுழன்றதைக் கண்ட மகிழ்ச்சியில் நான் விறைப்பாக நின்று, "தாபேக், தாத்தா!" என்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். "மொதல்ல கைய எறக்கு. அது தொரைக்குப் போட்டது" என்றார். அதற்குமேல் அன்று அவர் பேசவில்லை.

அவருடைய இளமைக் காலத்தில், தோட்டப் பாதையில் சைக்கிளில் போகும் தொழிலாளி, எதிரே தொரையோ கிராணியோ (தோட்டத்து எழுத்தர்) வந்தால் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். அவர்கள் கடந்துபோன பிறகே மறுபடி ஏறலாம். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்திலிருந்து சிலாங்கூர் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது, பலர் அதைக் கூலி உயர்வுக் கதையாக மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதனின் வழிகாட்டலில் முன்வைக்கப்பட்ட பன்னிரண்டு கோரிக்கைகளில் கூலியும், பிள்ளைகளின் படிப்பும், மருத்துவமும், கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தன. அவற்றோடு சேர்த்து, ஐரோப்பிய நிர்வாகிகளின் முன்பும் ஆசிய அலுவலர்களின் முன்பும் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்ல உரிமை வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடுகடத்தப்பட்டார். துருப்புகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் உயிரிழந்தனர். ஓர் ஆளின் பார்வையில் சைக்கிளிலிருந்து இறங்குவது பத்து வினாடி வேலை. அந்தப் பத்து வினாடியை எழுத்தில் குறித்துக் கேட்கும் அளவுக்கு அது உறுத்தியிருக்கிறது என்றால், தாத்தா ஏன் சிரிக்கவில்லை என்பதை நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகு தொரைமார் போனார்கள். தாபேக் சீருடைக்காரர்களிடம் தங்கியது. போலீஸ், இராணுவம், பள்ளிகளில் சாரணர் படை என்று 'தாபிக் ஹோர்மாட்' அணிவகுப்புத் திடலின் சொல்லாயிற்று. இங்கேதான் 'ஸ்பிரிங்' வந்து சேர்கிறது. அணிவகுப்பில் புதிதாகச் சேர்ந்தவனின் சல்யூட்டை நினைத்துப் பாருங்கள். பயத்திலும் ஆர்வத்திலும் கை அளவுக்கு மீறிய வேகத்தோடு மேலே போய், நெற்றியருகே சட்டென்று நின்று, நின்ற இடத்தில் விரல் நுனிகள் சுருள்கம்பி போல அதிரும். அந்தக் காட்சியைத்தான் தாபேக் ஸ்பிரிங் என்ற தொடர் படம் பிடிக்கிறது. இன்னும் கொஞ்சம் உப்புக் காரம் சேர்க்க விரும்புகிறவர்கள், சுருள்கம்பி ஆடும் ஓசையையும் இணைத்து, 'தாபேக் ஸ்பிரிங் தோய்ங் தோய்ங்' என்பார்கள். சிறு பிள்ளைகள் சொல்லும்போது உள்ளங்கையையும் ஆட்டிக் காட்டுவது கட்டாயம்.

எனக்குப் பிடித்தது இந்த ஸ்பிரிங்தான். வெறும் தாபேக்கில் இன்னும் ஒரு சிறு விறைப்பு, பழைய திடலின் வாடை இருக்கிறது. ஸ்பிரிங் சேர்ந்தவுடன் சல்யூட் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது. ஆனால் பாராட்டு குறைவதில்லை. அதிகாரியிடம் இப்படி யாரும் சல்யூட் அடித்துவிட்டுத் தப்ப முடியாது. நண்பருக்கு மட்டுமே அடிக்க முடியும்.

எங்கே சொல்லக்கூடாது என்பதையும் மைத்துனருக்குச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அன்று மாலைக்குள் அவர் நான்கு பேருக்குத் தாபேக் போட்டுவிட்டார். கோயிலில் குருக்களுக்கும், துக்க வீட்டில் யாருக்கும் சொல்லக்கூடாது. ஆசிரியரிடமும் மூத்த உறவினரிடமும் நெருக்கம் இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் வாலாட்டுவதாகிவிடும். எழுத்துத் தமிழில், கடிதத்தில், மேடைப் பேச்சில் இதற்கு இடமில்லை. அங்கே பாராட்டுக்கும் தலைவணங்குவதற்கும் நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன.

குரலை வைத்துப் பொருள் தலைகீழாவதும் உண்டு. ஒருமுறை ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் நான்கு முறை திரும்பி வந்தது. நான்காம் முறைக்கான காரணம், புகைப்படத்தின் பின்னணி நீலம் போதுமான நீலமாக இல்லை என்பதாகும். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது என் மகள், உதட்டை இறுக்கிக்கொண்டு, மிக மெதுவாக, ஒவ்வோர் அசையாக, "தா... பேக்... ஸ்பிரிங்" என்றாள். வேகமாகச் சொன்னால் பாராட்டு, இழுத்துச் சொன்னால் குத்தல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. மைத்துனர் கடையில் கேட்ட கேள்விக்கும் இதுவே விடை: கடைக்காரர் வேகமாகச் சொன்னார்.

இதே பேச்சில் உலவும் வேறு சில சொற்களையும் போகிற போக்கில் அறிந்துகொள்ளலாம். 'சல்யூட் லா' என்பது ஏறக்குறைய தாபேக்கின் பொருளிலேயே வருகிறது, ஆனால் நகரத்துக்காரர் வாயில் அதிகம். 'ஓத்தாய்' என்பது ஒரு துறையில் பழுத்த கையைக் குறிக்கும். அது செயலுக்குக் கிடைப்பதன்று, காலத்துக்குக் கிடைப்பது. ஆகவே ஒரு நாளில் சம்பாதிக்க முடியாது. ஹோர்மாட் அரபியிலிருந்து வந்தது. மீறக்கூடாதது, தீண்டத்தகாத புனிதம் என்ற கருத்துடைய வேரிலிருந்து பிறந்தது. ஹராம் என்ற சொல்லும் அந்த வேரினதே. நம் மரியாதையும் ஏறத்தாழ அதே திசையில்தான் நிற்கிறது: சமஸ்கிருதத்தில் மர்யாதா என்றால் எல்லை, கரை. ஹோர்மாட்டும் மரியாதையும் இவ்வளவு தூரத்தில் நில் என்கின்றன. தாபேக்கோ, எல்லையைத் தாண்டிவிட்டேன், பொறுத்துக்கொள் என்பதிலிருந்து வந்தது. தோளில் தட்டிச் சொல்லும் சொல்லாக அதுதான் இன்று எஞ்சியிருக்கிறது என்பது எனக்கு வியப்பாக இல்லை.

தாபேக் போடப்பட்டவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் மைத்துனரின் கடைசிக் கேள்வி. நன்றி சொல்லக்கூடாது, அது விருது வாங்கியவர் போல ஆகிவிடும். திரும்பி ஒரு தாபேக் போட்டால் வந்தது பாராட்டு என்றே புரியவில்லை என்றாகிவிடும். வழக்கமான பதில், 'பியாசா லா'. வழக்கமாகச் செய்வதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று பொருள். குலை வெட்டும் இளைஞரும் அன்று அதைத்தான் சொன்னார், அதுவும் கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், தே தாரிக் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டு. பிறகு காசு கொடுக்கும்போது, "அண்ணே, நெத்தியில மாவு" என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டு, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார்.